கடலுக்கு அடியில் போவது ஈஸி, திரும்பி வருவதுதான் கஷ்டம்! நீர்மூழ்கிக் கப்பலின் தந்தை ஜான் ஹாலண்ட் யார்?

1981-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில், பிளிமத் துறைமுகத்துக்கு வெளியே உள்ள எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய கடல். பிரிட்டிஷ் கடற்படையின் 'பாஸிங்டன்' என்ற கண்ணிவெடி தேடும் கப்பல், கடலின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தது. அப்போது சுருட்டு மாதிரி ஒரு உருவம் தட்டுப்பட்டது. நீளம் சுமார் 64 அடி.

அதுதான் 'ஹாலண்ட் 1'. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பல். 68 ஆண்டுகளாக எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் இருந்தது.

இதை எந்த எதிரியும் சுட்டு மூழ்கடிக்கவில்லை. 1913-ல் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். விலை 410 பவுண்டு. உடைப்பதற்காகக் கட்டி இழுத்துப் போகும்போது, வழியிலேயே மூழ்கிப்போனது. உள்ளே ஆள் யாரும் இல்லை. அதனால் அன்றைக்கு யாரும் பெரிதாகக் கவலைப்படவும் இல்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இந்தக் கப்பலை வடிவமைத்தவர் ஒரு ஐரிஷ்காரர். அவருடைய முதல் நீர்மூழ்கிகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? இதே பிரிட்டிஷ் கடற்படையை மூழ்கடிக்க வேண்டும் என்று துடித்தவர்கள்!

யார் இந்த ஜான் ஹாலண்ட்? வாங்க, பார்க்கலாம்.

பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை

ஜான் பிலிப் ஹாலண்ட், 1841-ம் ஆண்டு அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில் உள்ள லிஸ்கேனர் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா கடலோரக் காவல் பணியில் இருந்தவர். வீட்டில் பேசிய மொழி ஐரிஷ். ஆங்கிலம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் போய்க் கற்றுக்கொண்டதுதான்.

அவருக்கு நான்கு வயது இருக்கும்போது, 1845-ல், அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் நாட்டை விட்டே கிளம்பிப் போனார்கள். நாட்டை ஆண்டது லண்டன். அதனால் அந்தத் தலைமுறையில் வளர்ந்த ஐரிஷ் பிள்ளைகளுக்கு பிரிட்டன் மேல் இருந்த கோபத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஹாலண்டுக்குக் கடலுக்குப் போக ஆசை. ஆனால் கண்பார்வை சரியில்லை. அதனால் 1858-ல் 'கிறிஸ்தவ சகோதரர்கள்' என்ற கத்தோலிக்கத் துறவு சபையில் சேர்ந்து, பள்ளி ஆசிரியர் ஆனார்.

1862-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மணிக்கணக்கில் மோதிக்கொண்ட செய்தி அயர்லாந்துக்கு வந்தது. எல்லோரும் கவசத்தைப் பற்றிப் பேசினார்கள். கார்க் நகரில் இருந்த இந்த இளம் வாத்தியார் வேறு மாதிரி யோசித்தார். இனிமேல் மரக்கப்பல்களின் காலம் முடிந்தது, இரும்புக் கப்பல்களைக் கட்டக் காசு இருக்கிற பிரிட்டனோடு மேலே நின்று மோத முடியாது, அடியில் இருந்துதான் மோத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அதுவரை என்ன பிரச்சனை?

நீர்மூழ்கி என்ற யோசனை அப்போது புதிது கிடையாது. அதற்கு முன்பே பலர் கட்டிப் பார்த்திருந்தார்கள். ஆனால் கட்டியவர்களில் பலர் உயிரோடு திரும்பவில்லை.

ஒரு உதாரணம், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் பயன்படுத்திய 'ஹன்லி'. உள்ளே ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் சுழற்றி ஓட்ட வேண்டும். 1863 ஆகஸ்ட் மாதம் மூழ்கி 5 பேர் பலி. மேலே தூக்கினார்கள். அக்டோபரில் மறுபடி மூழ்கி 8 பேர் பலி. அதில் கப்பலுக்குத் தன் பெயரையே கொடுத்த ஹன்லியும் ஒருவர். மறுபடியும் தூக்கினார்கள். 1864 பிப்ரவரியில் ஒரு எதிரிக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்துவிட்டு, தானும் 8 பேரோடு கீழே போனது. கடைசியாக மேலே வந்தது 2000-ம் ஆண்டில்!

அதாவது, தண்ணீருக்குள் போவது யாராலும் முடிந்தது. எந்த இரும்புப் பெட்டியும் மூழ்கும். உள்ளே இருக்கிறவர்கள் நினைத்த நேரத்தில் மேலே வர வேண்டும். அங்கேதான் பலரும் தோற்றார்கள். ஹாலண்ட் வாழ்நாள் முழுக்கப் போராடியது இந்த ஒரு விஷயத்தோடுதான்.

கால் உடைந்தது, வரைபடம் தயாரானது

1873-ல் துறவு சபையை விட்டு வெளியேறி, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார் ஹாலண்ட். பாஸ்டன் நகரில் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே பனியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு உடைந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில், கூடவே கொண்டுவந்த பழைய வரைபடங்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்.

கால் சரியானதும் நியூஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் வாத்தியார் வேலை. 1875-ல் தன் வடிவமைப்பை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். இப்படி ஒன்றுக்குள் எவனும் விரும்பி இறங்க மாட்டான் என்பதுபோல ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது.

வேறு ஒரு கதவு திறந்தது. அயர்லாந்தின் விடுதலைக்காக அமெரிக்காவில் ரகசியமாக இயங்கிவந்தவர்கள் ஃபீனியன்கள். ஹாலண்டின் தம்பி மைக்கேல் மூலமாக அவர்களுடன் தொடர்பு கிடைத்தது. ஐரிஷ் தொழிலாளர்களிடம் இருந்து திரட்டிய நிதியில் இருந்து ஹாலண்டுக்குப் பணம் வந்தது.

முதல் படகு: இறக்கியதுமே மூழ்கியது!

1878 மே மாதம். பேட்டர்சன் நகரில், பசேயிக் ஆற்றங்கரையில் கூட்டம் கூடியிருந்தது. 14 அடி நீளம், ஒரே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய படகு. தண்ணீரில் இறக்கினார்கள். உள்ளே தண்ணீர் புகுந்தது. படகு மூழ்கிவிட்டது. கரையில் நின்றவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஹாலண்ட் அதை மேலே இழுத்து, ஓட்டைகளை அடைத்து, சில நாட்களில் மறுபடி இறக்கினார். எஞ்சின் ஒத்துழைக்கவில்லை. பக்கத்தில் வந்த நீராவிப் படகில் இருந்து குழாய் வழியாக நீராவியை வாங்கி ஓட்டினார். ஆனாலும் ஆற்றுக்கு அடியில் போனார், திரும்பி மேலே வந்தார்.

தேவையான பாடம் கிடைத்துவிட்டது. எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, படகை அதே ஆற்றில் தானே மூழ்கவிட்டார். அடுத்த படகுக்குப் போய்விட்டார்.

நிறைகுடம் தத்துவம்

ஹாலண்ட் கண்டுபிடித்தது என்ன? இதைப் புரிந்துகொள்ள இடுப்பில் குடம் தூக்கிய அனுபவம் போதும்.

பாதித் தண்ணீர் உள்ள குடம், நடக்க நடக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலம்பும். நம்மையும் சேர்த்துத் தள்ளாட வைக்கும். நிறைகுடம் தளும்பாது. நீர்மூழ்கியும் அப்படித்தான். கீழே இறங்க, தொட்டிகளில் கடல்நீரை நிரப்ப வேண்டும். பழைய படகுகளில் தொட்டி அரைகுறையாக நிரம்பியிருக்கும். படகு லேசாகச் சாய்ந்தாலே தண்ணீர் முழுக்க ஒரு முனைக்கு ஓடும். அந்த முனை கனத்து, படகு தலைகுப்புறப் போய்விடும்.

ஹாலண்ட், முழுக்க நிரம்பும் தொட்டிகளை வைத்தார். எடை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கும். டார்பிடோவைச் சுட்ட உடனே, அந்த எடைக்குச் சமமான தண்ணீர் உள்ளே வந்து ஈடுகட்டும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். தொட்டிகள் நிரம்பிய பிறகும், படகு கொஞ்சம் மிதக்கும் தன்மையோடு இருக்கும்படி கணக்குப் போட்டார். அது கல் மாதிரி இறங்காது. எஞ்சின் வேகத்தில் முன்னே போகும்போது, பின்பக்கம் இருக்கும் கிடைமட்டச் சுக்கானைத் திருப்பினால் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு மீன் மாதிரி பாயும். எஞ்சின் நின்றுபோனால்? மெல்ல மெல்லத் தானாகவே மேலே வரும்.

ஆபத்து என்றால் மேலே போவதுதான் இயல்பு, கீழே போவதற்குத்தான் முயற்சி வேண்டும். முன்னால் கட்டியவர்கள் வைத்திருந்த கணக்கை அப்படியே தலைகீழாக்கிவிட்டார்.

திருடுபோன நீர்மூழ்கி

1881-ல் தயாரானது அடுத்த படகு. நீளம் 31 அடி, மூன்று பேர் போகலாம். பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் 'ஃபீனியன் ராம்'. நியூயார்க் துறைமுகத்தில் ஹாலண்ட் இதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். நன்றாகவே ஓடியது.

ஆனால் பணம் கொடுத்தவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. நிதி யாருடையது, கணக்கு எங்கே என்று வழக்கு வரைக்கும் போனது. கோர்ட் படகைப் பறிமுதல் செய்துவிடும் என்று பயந்த ஒரு குழு, 1883 நவம்பரில் ஒரு ராத்திரி வேலையைக் காட்டியது. ஃபீனியன் ராமையும், அதோடு சேர்த்து ஹாலண்ட் சோதனைக்காகக் கட்டிய 16 அடிப் படகையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கட்டியவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வழியிலேயே சின்னப் படகு மூழ்கிப்போனது. பெரிய படகு கனெக்டிகட் மாநிலத்தின் நியூஹேவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை ஓட்ட அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு கொட்டகையில் போட்டு மூடினார்கள். ஹாலண்ட் அதன் பிறகு ஃபீனியன்களின் பக்கமே போகவில்லை.

ஒரு வால்வு, 18 மணி நேரம்

அடுத்த பத்து வருடங்களுக்கு மேல் ஏமாற்றம்தான். 1885-ல் ஒரு ராணுவ அதிகாரியோடு சேர்ந்து கட்டிய படகு, தண்ணீரில் இறக்கும்போதே சேதமானது. 1895-ல் அமெரிக்கக் கடற்படை ஒருவழியாக ஒப்பந்தம் கொடுத்தது. ஆனால் நீராவி எஞ்சின்தான் வேண்டும் என்று அதிகாரிகள் அடம்பிடித்தார்கள். 'பிளஞ்சர்' என்ற அந்தப் படகின் உள்ளே ஆள் நிற்க முடியாத அளவுக்கு வெப்பம். இது வேலைக்கு ஆகாது என்று ஹாலண்டுக்கு முன்னாடியே தெரியும். சொன்னார், கேட்கவில்லை.

அதனால் கடற்படையின் தலையீடே இல்லாமல், தன் கம்பெனியின் பணத்தில் இன்னொன்றைக் கட்டினார். அதுதான் 'ஹாலண்ட் 6'. சுமார் 54 அடி நீளம். மேலே ஓடும்போது பெட்ரோல் எஞ்சின், அடியில் ஓடும்போது பேட்டரியில் இயங்கும் மின்மோட்டார். 1897 மே 17-ல் நியூஜெர்சியின் எலிசபெத் நகரில் நீரில் இறக்கினார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் ஒரு சம்பவம். கப்பல் கட்டும் தளத்தில் கட்டியிருந்த படகில், வேலைக்காரர் ஒருவர் வால்வு ஒன்றை மூடாமல் போய்விட்டார். நின்ற இடத்திலேயே படகு மூழ்கியது. உப்புத் தண்ணீரில் 18 மணி நேரம். தூக்கிப் பார்த்தால், மின்மோட்டார் உட்பட எல்லாம் ஊறிப்போயிருந்தது.

வெளியில் இருந்து சூடு காட்டிக் காயவைத்துப் பார்த்தார்கள். நாட்கள் ஓடின, பலன் இல்லை. பிரித்து எடுத்துப் புதிதாகச் சுற்ற வேண்டும் என்றால் படகையே கிழிக்க வேண்டும். கம்பெனியிடம் அதற்குப் பணம் இல்லை. கிட்டத்தட்ட கதை முடிந்தது என்ற நிலை.

அப்போது மோட்டார் தயாரித்த நிறுவனத்தில் இருந்து ஃபிராங்க் கேபிள் என்ற எலக்ட்ரீஷியன் வந்தார். மோட்டாருக்குள் மின்சாரத்தைத் தலைகீழாகச் செலுத்தினார். கம்பிச் சுருள் உள்ளிருந்தே சூடாகி, ஈரம் தானாகக் காய்ந்தது. மோட்டார் பிழைத்தது. அந்த கேபிள்தான் பின்னாளில் இதே படகின் சோதனை ஓட்டங்களுக்கு கேப்டன் ஆனார்!

1898 மார்ச் 17. அயர்லாந்தின் காவல் புனிதரான புனித பேட்ரிக்கின் திருநாள். அன்றைக்கு நியூயார்க் அருகே ஸ்டேட்டன் தீவை ஒட்டிய கடலில் 'ஹாலண்ட் 6' முழுக்க மூழ்கி, ஓடி, மேலே வந்தது. அடுத்த மாதமே, அப்போது கடற்படைத் துணைச் செயலராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், இதை வாங்கலாம் என்று பரிந்துரைத்தார். ஆனாலும் இரண்டு வருடம் இழுத்தடித்து, 1900 ஏப்ரல் 11-ல்தான் வாங்கினார்கள். விலை 1,50,000 டாலர். கட்டவும் சோதிக்கவும் கம்பெனிக்கு ஆன செலவு அதைவிட அதிகம்.

பெயர் மட்டும் மிஞ்சியது

ஜெயித்தாயிற்று. ஆனால் அதற்குள் கப்பல் ஹாலண்டின் கையை விட்டுப் போயிருந்தது.

1899-ல் ஐசக் ரைஸ் என்ற தொழிலதிபர் 'எலக்ட்ரிக் போட்' நிறுவனத்தைத் தொடங்கி, ஹாலண்டின் கம்பெனியையும் காப்புரிமைகளையும் அதற்குள் கொண்டுவந்தார். தான் கண்டுபிடித்த கப்பலுக்கு ஹாலண்ட் சம்பளக்காரர் ஆனார். அந்த நிறுவனம் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. 1901 அக்டோபர் 2-ல், பாரோ நகரில் 'ஹாலண்ட் 1' நீரில் இறங்கியது. பிரிட்டிஷ் கடற்படையை எதிர்க்கப் பிறந்த யோசனை, அதே கடற்படையின் கொடியோடு கடலுக்குப் போனது.

1904-ல் ஹாலண்ட் ராஜினாமா செய்தார். சொந்தமாக வேறு கம்பெனி தொடங்கப் பார்த்தார். பழைய நிறுவனம் அவர் மேலேயே வழக்குப் போட்டது. வழக்கு நடக்கிற இடத்தில் யார் பணம் போடுவார்கள்? முதலீட்டாளர்கள் விலகிவிட்டார்கள்.

மேலே வராத 14 பேர்

ஹாலண்ட் வரைந்து கொடுத்த வடிவத்தில் ஜப்பானும் இரண்டு படகுகளைக் கட்டியது. அவருக்கு 'உதயசூரியன்' விருதும் கொடுத்தது. அதில் ஒன்று, 6-ம் எண் நீர்மூழ்கி.

1910 ஏப்ரல் 15. ஹிரோஷிமா விரிகுடாவில் பயிற்சி. காற்றுக்குழாயை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு, அடியில் பெட்ரோல் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். குழாய் தண்ணீருக்குள் போய்விட்டது. அடைப்பானை இழுக்கும் சங்கிலி கழன்றது. கையால் மூடுவதற்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. கொஞ்சம் மிதக்கும் தன்மை என்ற ஹாலண்டின் கணக்கு, அந்த அளவு தண்ணீருக்குத் தாங்கவில்லை. 14 பேரோடு படகு அடியில் உட்கார்ந்தது.

படகைத் தூக்கித் திறந்தபோது, பெரும்பாலானவர்கள் அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே இறந்துகிடந்தார்கள். 30 வயதே ஆன தளபதி சகுமா, மூச்சு நிற்கும்வரை ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார். படகு எப்படி மூழ்கியது என்ற விவரம், ஆட்களைக் காப்பாற்ற முடியாததற்கு மன்னிப்பு, அவர்களின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டுகோள். இதோடு நீர்மூழ்கி முயற்சியைக் கைவிட்டுவிடக் கூடாது என்ற கவலையும் அதில் இருந்தது.

கண்டுபிடித்தவர் போனார், ஆயுதம் நின்றது

1914 ஆகஸ்ட் 12-ல், நியூஜெர்சியின் நியூவார்க் நகரில் நிமோனியாவால் இறந்தார் ஹாலண்ட். வயது 73. முதல் உலகப் போரில் பிரிட்டன் இறங்கி எட்டே நாள்தான் ஆகியிருந்தது.

சுமார் ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 22-ம் தேதி, 'யு-9' என்ற ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, ஒரே காலையில் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. 1,400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சின்னப் படகு பெரிய கடற்படையைத் திணற வைக்கும் என்று கார்க் நகரத்து வாத்தியார் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதன் விலை என்ன என்பதைப் பார்க்க அவர் இல்லை.

கரையில் வந்த பிறகு இன்னொரு கண்டம்

இப்போது மறுபடி 'ஹாலண்ட் 1'-க்கு வருவோம். 1982 நவம்பரில் அதைக் கடலில் இருந்து தூக்கினார்கள். துரு பிடிக்காமல் இருக்க ரசாயனம் பூசி, 1983 முதல் காஸ்போர்ட் நகரில் உள்ள கடற்படையின் நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

அங்கேதான் பிரச்சனை ஆரம்பித்தது. 69 வருஷம் கடலில் தாக்குப்பிடித்த கப்பல், கரையில் பத்தே வருஷத்தில் உளுத்துப்போக ஆரம்பித்தது. காரணம் உப்பு. இத்தனை வருடத்தில் இரும்புக்குள் ஊறிப்போயிருந்த குளோரைடு, காற்றும் ஈரமும் பட்டதும் உள்ளிருந்தே அரித்தது. மேலே பூசிய ரசாயனம் அதை ஒன்றும் செய்யவில்லை.

தீர்வு என்ன தெரியுமா? கப்பலை மறுபடி மூழ்க வைத்தார்கள்! 1995-ல், அதைச் சுற்றிலும் கண்ணாடி இழையில் ஒரு ராட்சதத் தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலை நிரப்பினார்கள். சுமார் நான்கு வருடம் உள்ளேயே ஊறியது. உப்பு மெல்ல மெல்ல வெளியேறியது. அதன் பிறகு கரைசலை வடித்து, காற்றின் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட தனிக் கட்டடத்தில் வைத்தார்கள். 2001 முதல் மக்கள் அதை அங்கே பார்க்கலாம். உள்ளேயும் போகலாம்.

மற்ற படகுகள் என்ன ஆயின? ஹாலண்ட் தானே ஆற்றில் மூழ்கவிட்ட அந்த 14 அடிப் படகை 1927-ல் தோண்டி எடுத்தார்கள். கொட்டகையில் கிடந்த ஃபீனியன் ராமும் அதே ஆண்டு பேட்டர்சன் வந்து சேர்ந்தது. இன்று இரண்டும் பேட்டர்சன் அருங்காட்சியகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்கா 1,50,000 டாலருக்கு வாங்கிய படகை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. 1913-ல் 100 டாலருக்குப் பழைய இரும்பாக விற்றார்கள். பல கை மாறி, கடைசியில் 1932-ல் உடைத்துவிட்டார்கள்.

அதாவது, தண்ணீருக்குள் போன ஹாலண்ட் படகுகளில் மூன்று இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதில் இரண்டு, பல பத்து வருடங்கள் அடியில் கிடந்து மேலே வந்தவை. அமெரிக்கா வாங்கிய படகோ, கரையில் இருந்தும் காணாமல் போனது.